தூர் உயிரோடு இருக்கிறதா? ஈரமான வசந்தத்தில் புல்தரை நோய்கள்

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் இந்த வீட்டை வாங்கி எங்களுக்கு அது இரண்டாவது வசந்தம். மே மாதம் முழுக்க மழை. நம் ஊர் ஐப்பசி மழை போலக் கொட்டித் தீர்க்கவில்லை, தூறிக்கொண்டே இருந்தது. தூறல் நின்ற நாளிலும் வெயில் தலைகாட்டவில்லை. காலை பதினொரு மணிக்குப் புல்லில் இறங்கினாலும் காலுறை நனைந்தது.

ஒரு சனிக்கிழமை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பக்கப் புல்தரை, பின்பக்கப் புல்தரை இரண்டிலும் வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. அந்த உயரத்திலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஒரே நோய்தான் என்று முடிவு கட்டினேன். கடைக்குப் போய்ப் பூஞ்சாணக்கொல்லிக் குருணை ஒரு மூட்டை வாங்கி வந்து முன்னும் பின்னும் தூவினேன்.

முன்பக்கத்தில் நோய் கொஞ்சம் அடங்கியது. ஆனால் புல் தேறவில்லை. வெளிறி, மெலிந்து நின்றது. மழை மறுபடி பிடித்ததும் திட்டுகள் திரும்பின. பின்பக்கம் நாளுக்கு நாள் மோசமானது. ஜூன் பிறந்தபோது பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பாதிக்கு மேல் மண் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் தாவர நோய் கண்டறியும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம் என்று தோன்றியது. கட்டணம் உண்டு. ஆனால் நான் வாங்கிய மருந்து மூட்டையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

பதில் வந்தது. முன்பக்கம் ரெட் த்ரெட். பின்பக்கம் லீஃப் ஸ்பாட், அதுவும் முற்றி மெல்டிங் அவுட் என்ற கட்டத்துக்குப் போய்விட்டது. முதலாவது, பசித்த புல்லுக்கு வருவது. இரண்டாவது, வசந்தத்தில் அளவுக்கு மீறி ஊட்டிய புல்லைக் கொல்வது. ஒன்றுக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போட வேண்டும், மற்றதற்குத் தழைச்சத்தை நிறுத்த வேண்டும். நான் இரண்டுக்கும் ஒரே குருணையைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன்.

இரண்டு பக்கமும் இப்படி எதிரெதிராகப் போனதற்குக் காரணம் இருந்தது. முன்பக்கத்தில் பெரினியல் ரைகிராஸும் ஃபைன் ஃபெஸ்க்யூவும் கலந்த விதைப்பு. பின்பக்கத்தில் முந்தைய வீட்டுக்காரர் கென்டக்கி புளூகிராஸைப் பாய் போலச் சுருட்டி வாங்கி வந்து பதித்திருந்தார். ஏப்ரலில் உரம் வாங்கியபோது, பிள்ளைகள் விளையாடும் இடமாயிற்றே என்று பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு தடவை தூவியது போதாது என்று குறுக்காக இன்னொரு தடவையும் தூவினேன். மூட்டை தீர்ந்துவிட்டது. முன்பக்கத்துக்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. அது போதாதென்று பின்பக்கத்தைக் கம்பளம் போல இருக்க வேண்டும் என்று ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டிவந்தேன். ஸ்பிரிங்ளர் இரவு எட்டு மணிக்கு ஓடும்படி வைத்திருந்தேன். மழை பெய்த நாளிலும் அது ஓடியது. புளூகிராஸுக்கு லீஃப் ஸ்பாட் வர என்னென்ன வேண்டுமோ அத்தனையும் என் கையாலேயே செய்திருக்கிறேன்.

மறு வருடம் ஏப்ரல் நடுவில் அப்பா வந்தார். பாபநாசம் பக்கத்தில் நாற்பது வருடம் நெல் பயிரிட்டவர். இங்கே வந்தால் அவருக்குக் காலையில் செய்ய வேலை இருக்காது. அதனால் காபியைக் குடித்துவிட்டுப் புல்தரையில் இறங்கிவிடுவார். மே முதல் வாரம், மழைக்குப் பிறகு ஒரு நாள், முன்பக்கத்தில் மறுபடி வெளிர் சிவப்பாக ஒரு திட்டு. நான் வாசலில் நின்றபடியே, "திரும்ப வந்துடுச்சுப்பா" என்றேன். அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு கொத்தை அடியோடு பிடுங்கிக் கையில் வைத்து விரித்தார்.

"தோகை போச்சு. தூரு போகல தம்பி, பாரு."

பார்த்தேன். மேலே இலை நுனியெல்லாம் காய்ந்திருந்தது. ஒவ்வொரு நுனியிலிருந்தும் மான்கொம்பு போலக் கிளைத்த மெல்லிய சிவப்பு இழை நீண்டிருந்தது, சில மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் மண்ணை ஒட்டிய தூர் வெள்ளையாக, கெட்டியாக, ஈரமாக இருந்தது. புல்தரை நோயில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று அன்று எனக்கு உறைத்தது. தூர் உயிரோடு இருந்தால் புல் திரும்ப முளைக்கும், அவசரப்பட வேண்டியதில்லை. தூர் பழுப்பாகிப் பிடுங்கும்போதே அறுந்து வந்தால், இழந்தது இழந்ததுதான். அங்கே செய்ய வேண்டியது மருந்தடிப்பதல்ல, மறுவிதைப்பு.

ரெட் த்ரெட் இலையைத்தான் தின்னும், தூரைத் தொடாது. 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரைக்குமான குளிர்ச்சியும் நீண்ட ஈரமும் அதற்குப் பிடித்தமான சூழல். இங்கே மே மாதம் அப்படியே அதுதான். ஆரோக்கியமாக வளரும் புல்லில், நோய் பிடித்த நுனியைப் புல் தானே வளர்த்து வெளியே தள்ளிவிடும், மோவர் வெட்டிப் போய்விடும். தழைச்சத்து இல்லாமல் நின்றுபோன புல்லுக்கு அந்த ஓட்டம் இல்லை. அதனால் இழை அங்கேயே குடியிருக்கும்.

அப்பாவுக்கு முதலில் இது ஏற்கவில்லை. நோய் வந்த பயிருக்கு உரமா என்று கேட்டார். அவர் காலமெல்லாம் பார்த்தது, யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் குலைநோய் பாய்வதைத்தான். ஆய்வகம் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம மேட்டு வயல்ல செம்புள்ளி வரும் பாரு, அந்த மாதிரி" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். நெல்லில் செம்புள்ளி நோய் சத்தில்லாத மண்ணில்தான் கடுமையாக வரும். பசித்த வயலுக்கு ஒரு நோய், கொழுத்த வயலுக்கு இன்னொரு நோய். இதை நெல் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்பக்கத்துக்கு அன்று போட்ட அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் சதுர அடிக்கு அரை பவுண்ட் தழைச்சத்து. மூட்டையில் முதல் எண் 25 என்றிருந்தால் நூற்றுக்கு 25 பங்கு தழைச்சத்து என்று அர்த்தம். ஆகவே ஆயிரம் சதுர அடிக்கு இரண்டு பவுண்ட் உரம் போதும். மூன்று வாரத்தில் நிறம் திரும்பியது. மருந்து ஒரு பிடி கூடப் போடவில்லை.

நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே 2011-இல் கொண்டுவந்த உரச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை உரம் போடக் கூடாது. தழைச்சத்தில் குறைந்தது 20 சதவீதம் மெதுவாகக் கரையும் வகையாக இருக்க வேண்டும். மண் பரிசோதனை தேவை என்று காட்டினால், அல்லது புதிதாகப் புல் போடுவதாக இருந்தால்தான் மணிச்சத்து (பாஸ்பரஸ்) போடலாம். பெருமழைக்கு முன் தூவக் கூடாது. ஓடையிலும் வளைகுடாவிலும் உரம் கரைந்து பாசி மண்டுவதைத் தடுக்க வந்த சட்டம் இது. அதைக் கடைப்பிடித்தாலே வசந்தத்து நோய்களில் கொஞ்சம் குறையும் என்பது என் அனுபவம்.

இனி பின்பக்கத்துக்கு வருகிறேன், என்னை அதிகம் வருத்தியது அதுதான். லீஃப் ஸ்பாட் ஏப்ரலிலேயே ஆரம்பிக்கும். இலையில் ஊதா கலந்த பழுப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழும். பிறகு புள்ளியின் நடு வெளிறி, ஓரம் மட்டும் கருத்து நிற்கும். நின்று பார்த்தால் தெரியாது. புல்லில் பொதுவாக ஒரு மங்கல் தட்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் நாம் மங்கலைப் பார்த்து உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போடுவோம். கரையும் தழைச்சத்து அதிகமானால் இலை கொழகொழவென்று இளசாக வளரும், பூஞ்சாணத்துக்கு அது விருந்து. நாள் சூடாக ஆக நோய் இலையிலிருந்து இலையுறைக்கும் தூருக்கும் இறங்கும். மெல்டிங் அவுட் என்பது அந்தக் கட்டம். பெயருக்கேற்றபடி புல் கரைந்துதான் போகிறது.

அதை உண்டாக்கும் பூஞ்சாணத்தின் பெயர் டிரெக்ஸ்லெரா போவே. பழைய வேளாண் புத்தகங்களில் இதுவும் நெல்லின் செம்புள்ளிப் பூஞ்சாணமும் ஹெல்மின்தோஸ்போரியம் என்ற ஒரே பேரினப் பெயருக்குக் கீழே இருக்கும். பெயரைச் சொன்னதும் அப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது. வேளாண் அலுவலர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

பின்பக்கத்தில் நான் மாற்றியவை மருந்து அல்ல, பழக்கங்கள். வெட்டும் உயரத்தை மூன்று அங்குலத்துக்கு மேல் தூக்கினேன். இப்போது மூன்றேகாலில் நிற்கிறது. இலை நீளமாக இருந்தால் அதில் கொஞ்சம் போனாலும் புல் தாங்கும், வேரும் ஆழமாக இறங்கும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. மழையில் ஒரு வாரம் வெட்ட முடியாமல் புல் ஐந்து அங்குலம் ஏறிவிட்டால், ஒரேயடியாகக் குறைக்காமல் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக இறக்குவேன். பிளேடை வருடத்துக்கு இரண்டு முறை தீட்டுகிறேன். மழுங்கிய பிளேடு வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி வெள்ளையாக நார் நாராகத் தொங்கும். அதைப் பார்த்து நோய் என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கிழிசல் பூஞ்சாணத்துக்கும் வாசல். முக்கிய உரத்தை வசந்தத்திலிருந்து செப்டம்பருக்கு மாற்றினேன். வசந்தத்தில் தேவை என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம், அதுவும் மெதுவாகக் கரைவது.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது. மழை எத்தனை அங்குலம் பெய்தது என்பதைத்தான் நான் கணக்கு வைத்திருந்தேன். பூஞ்சாணத்துக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. இலை எத்தனை மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தது என்பதுதான் அதற்கு முக்கியம். பூஞ்சாண வித்து இலையில் ஒட்டி, முளைத்து, உள்ளே நுழைய மணிக்கணக்கில் ஈரம் வேண்டும். நண்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடித்தால் பெரிய கேடில்லை. மாலை ஆறு மணிக்கு லேசாகத் தூறிவிட்டு, இரவு பனியும் சேர்ந்து, மறுநாள் பத்து மணி வரை காயாமல் இருந்தால் அது பதினாறு மணி நேர ஈரம். நான் இரவு எட்டு மணிக்கு ஸ்பிரிங்ளரைத் திறந்தது அந்த நேரத்தைக் கூட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டிருக்கிறது. இப்போது விடியற்காலை நாலரைக்கு ஓடுகிறது. அந்நேரம் இலை எப்படியும் பனியில் நனைந்துதான் இருக்கும், புதிதாக ஈர நேரம் கூடாது. சூரியன் ஏறியதும் காய்ந்துவிடும். மழை பெய்யும் வாரங்களில் முழுதாகவே நிறுத்திவிடுகிறேன். மழையும் பாய்ச்சலும் சேர்த்து வாரத்துக்கு ஒரு அங்குலம் போதும்.

காலையில் நாம் பனி என்று நினைப்பது முழுக்கப் பனியும் அல்ல. புல் இரவில் வேர் வழியாக இழுத்த நீரை இலை நுனியில் கசியவிடும். நெல் நாற்றங்காலில் விடியற்காலை ஒவ்வொரு நுனியிலும் ஒரு முத்து நிற்குமே, அதேதான். அந்தச் சொட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கரைந்திருக்கும். பூஞ்சாணத்துக்குத் தண்ணீரோடு சாப்பாடும் சேர்ந்து கிடைக்கிறது. கோல்ஃப் மைதானங்களில் விடியலில் நீளமான கம்பாலோ குழாயாலோ புல்லைத் தட்டிச் சொட்டைக் கலைப்பது இதற்காகத்தான். நானும் அப்பாவும் தோட்டக் குழாயின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, புல்மேல் இழுத்தபடி பின்பக்கம் முழுக்க நடப்போம். பரம்பு அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. ஐந்து நிமிட வேலை. இலை காய்வது இரண்டு மணி நேரம் முந்தியது.

இதை எல்லா நோய்க்கும் செய்யலாம் என்று நினைக்கக் கூடாது. பகல் 30 டிகிரிக்கு மேலும் இரவு 20 டிகிரிக்கு மேலும் போய், புல் எண்ணெய் தடவியது போலக் கருத்துப் படுத்து, தண்ணீர் ஓடிய வழியிலேயே நோய் கோடு போட்டது போல நீண்டிருந்தால் அது பித்தியம் என்ற வேறொரு நோய். அப்போது ஈரப் புல்லில் நடக்கவே கூடாது, மோவரையும் இறக்கக் கூடாது. நம் காலே அதைப் பரப்பும். வசந்தத்தில் அது அபூர்வம், ஜூன் கடைசியில் எட்டிப் பார்க்கலாம்.

மே கடைசியில் டாலர் ஸ்பாட் வரும். வெள்ளி டாலர் அளவுக்கு வெளுத்த வட்டங்கள், விட்டால் ஒன்றோடொன்று சேரும். இலையில் குறி தெளிவாக இருக்கும். நடுவில் சுருங்கிய உடுக்கை வடிவத்தில் வைக்கோல் நிறக் கறை, மேலும் கீழும் செம்பழுப்பு ஓரம். இதுவும் தழைச்சத்துக் குறைவில்தான் அதிகம் வரும். விடியலில் அந்த வட்டத்தின் மேல் பஞ்சு பிரித்தது போல வெண்ணிழை படர்ந்திருக்கும், காய்ந்ததும் மறையும். சிலந்தி வலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வலை தட்டையாக, மின்னியபடி, பனிமுத்துகளைத் தாங்கி நிற்கும். பூஞ்சாண இழை இலைகளுக்கு நடுவே பஞ்சாகக் கிடக்கும்.

நாய் சிறுநீர் கழித்த இடமும் வெளுத்த வட்டம்தான். ஆனால் அதைச் சுற்றி அடர்பச்சையில் ஒரு வளையம் இருக்கும், இலையில் தனித்தனிக் கறை இருக்காது. இன்னொன்று, மழைக்குப் பிறகு திடீரென்று புல்மேல் சாம்பலைக் கொட்டியது போலவோ ஊதாப் பொடி பூசியது போலவோ தெரியும். விரலால் துடைத்தால் வந்துவிட்டு உள்ளே இலை பச்சையாக இருந்தால் அது ஸ்லைம் மோல்ட். புல்லைத் தின்பதில்லை, சும்மா ஏறி உட்கார்ந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும். இதற்கு ஒருவர் மருந்து வாங்கி அடித்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பணத்தைவிட, தேவையில்லாமல் அந்த மருந்து மழைநீர் வடிகாலில் இறங்கியதுதான் மனதை உறுத்தியது.

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இந்த வேலைக்கு அவசியம். விலை அதிகமில்லை. பார்க்க வேண்டிய இடம் திட்டின் நடுவல்ல, ஓரம். நடுவில் எல்லாம் செத்திருக்கும், செத்த புல்லில் பத்து வகைப் பூஞ்சாணம் ஏறியிருக்கும். நோய் இப்போது நடப்பது பச்சையும் பழுப்பும் சந்திக்கும் எல்லையில். ஆய்வகத்துக்கு வெட்டி அனுப்புவதும் அங்கிருந்துதான், பாதி நல்லது பாதி கெட்டதாக, மண்ணோடும் வேரோடும். செய்தித்தாளில் சுற்றி அனுப்பலாம். தண்ணீர் தெளிக்கக் கூடாது, வழியில் அழுகிவிடும். வாரத் தொடக்கத்தில் அஞ்சலில் போட்டால் சனி ஞாயிறில் எங்கேயும் கிடந்து வேகாது. முக்கியமாக, மருந்து போடுவதற்கு முன்னால் அனுப்ப வேண்டும்.

ஜூன் மூன்றாம் வாரம், இரவிலும் புழுங்கத் தொடங்கியபோது, பின்பக்கத்தில் முந்தைய செப்டம்பரில் டால் ஃபெஸ்க்யூ விதைத்திருந்த மூலையில் புதிதாக ஒரு வட்டம் விழுந்தது, ஓரடி அகலம். அப்பா ஒரு இலையைப் பிடுங்கி வந்து சமையலறை மேசையில் வைத்தார். வெளிறிய சாம்பல் பழுப்பில் ஒழுங்கில்லாத கறை, அதைச் சுற்றி மெல்லிய கரும்பழுப்புக் கோடு.

"இலையுறைக் கருகல் மாதிரில்ல இருக்கு இது. இங்க எப்புடி வந்துச்சு?"

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. பிரவுன் பேட்ச், ரைசோக்டோனியா சொலானி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புக் குறிப்பில் நெல்லின் இலையுறைக் கருகலைத் தேடி எடுத்தேன். அதே பெயர். வயலைத் தாக்கும் வகையும் புல்தரையைத் தாக்கும் வகையும் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் இனம் ஒன்றுதான். நெருக்கமான பயிர், கூடுதல் தழைச்சத்து, காற்றில்லாத புழுக்கம் என்று அது தேடுவதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நாற்பது வருடக் கண்ணுக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. அன்று எனக்கு அப்பாவைப் பற்றி வந்த பெருமையைச் சொல்ல வார்த்தை இல்லை.

இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இலை பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருக்கும் நாட்கள்தான் பிரவுன் பேட்சுக்கு. அந்த மூலையில் ஏன் வந்தது என்று அப்பாவே கண்டுபிடித்தார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அங்கே கொட்டியது. மேப்பிள் மரத்தின் தாழ்ந்த கிளைகள் காலை வெயிலை மறைத்தன. குழாயை நீட்டி வேலியோரத்துக்குத் திருப்பினோம். கிளை நான்கை வெட்டினோம். வட்டம் அதற்கு மேல் பெரிதாகவில்லை, ஆகஸ்ட் கடைசியில் புல் மூடிக்கொண்டது.

மருந்தே போடக் கூடாது என்பவன் அல்ல நான். கோல்ஃப் மைதானம், விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் மருந்தில்லாமல் முடியாது. வீட்டில், அதே நோய் அதே இடத்தில் வருடா வருடம் தூரையே கொல்கிறது என்றால் யோசிக்கலாம். ஆனால் பெரும்பாலான பூஞ்சாணக்கொல்லிகள் தடுப்பதற்கானவை, செத்த இலையைப் பிழைக்க வைக்காது. நோய் வந்த முதல் வருடம் நான் போட்டது அசாக்ஸிஸ்ட்ரோபின். பிரவுன் பேட்சுக்கு அது நன்றாக வேலை செய்யும், டாலர் ஸ்பாட்டுக்கு ஏறக்குறைய பயனே இல்லை. பெயர் தெரியாத நோய்க்கு மருந்து வாங்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான். மூட்டையிலோ புட்டியிலோ, மருந்து வேலை செய்யும் விதத்தைக் குறிக்கும் குழு எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அசாக்ஸிஸ்ட்ரோபின் 11, புரோபிகோனசோல் 3. இரண்டாம் முறை தேவைப்பட்டால் வேறு எண்ணுள்ளதைப் போட வேண்டும். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூஞ்சாணம் பழகிக்கொள்ளும். பெயர் வேறு, எண் ஒன்று என்றால் அது மாற்றம் ஆகாது. மழை வருமுன் தூவக் கூடாது, நீரில் வாழும் உயிர்களுக்கு இவை கேடு.

பனி உருகியதும் மார்ச்சில் தெரியும் ஸ்னோ மோல்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் பாதையோரம் பனியைக் குவித்த இடங்களில் புல் சாம்பல் நிறமாக ஒட்டிப் படுத்திருக்கும். ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது பிங்க் வகை, பனி மூடிக் கிடக்காமலே குளிர்மழையிலும் வரும். மென்மையான வாரியால் கோதி எழுப்பிக் காற்றுப் பட விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். இலையுதிர் காலத்துச் சருகை வாராமல் விட்டிருந்தால்தான் கூடுதலாகச் சேதம்.

கென்டக்கி புளூகிராஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. ஜூலையில் நடுவில் பச்சையும் சுற்றிலும் காய்ந்த வளையமுமாக வரும் சம்மர் பேட்ச், ஜூலையில் பிறப்பதில்லை. இரண்டு அங்குல ஆழத்தில் மண் 18 டிகிரியைத் தொடும் வசந்தத்து நாட்களிலேயே வேரில் நுழைந்துவிடும். ஈரம் தேங்கி இறுகிய மண்தான் அதற்கு வசதி. ஆகவே மே மாதத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, செப்டம்பரில் அந்த இடங்களில் மண்ணைத் துளைபோட்டு இளக்குகிறேன். அமோனியம் சல்பேட் போல மண்ணின் காரத்தைக் குறைக்கும் தழைச்சத்தும் அந்த நோயை மட்டுப்படுத்தும். ஆனால் மண் பரிசோதனை பார்க்காமல் அதில் இறங்க வேண்டாம்.

மறுவிதைப்புக்கு வசந்தம் நல்ல காலமில்லை. மேயில் விதைத்த நாற்று வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் இந்தப் பக்கத்துக்கு ஏற்ற நேரம். ஒரே ரகத்தை விதைக்காமல், நோய் தாங்கும் ரகங்களாக இரண்டு மூன்றைக் கலந்து விதைத்தேன். ஒரு நோய் வந்தாலும் எல்லாம் ஒன்றாக விழாது. அந்த விதைப்பை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா ஊருக்குக் கிளம்பினார்.

கிளம்பும்போது அந்தப் பத்து மடங்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் வேறொன்று வாங்கிக்கொண்டேன். போன கார்த்திகையில், தாளடி நெல் தூர் கட்டும் நேரம், ஊரில் ஒரு வாரமாக வானம் திறக்கவில்லை. கண்ணாடியைக் கேமராமேல் வைத்து எடுத்த படம் ஒன்று வாட்ஸாப்பில் வந்தது. தோகையில் கண் வடிவத்தில் ஒரு கறை, நடு சாம்பல், ஓரம் பழுப்பு. உடனே கூப்பிட்டேன்.

"குலைநோய்தானேப்பா?"

"ஆமா. இப்பத்தான் ஆரம்பம். மேலுரம் போட வச்சிருந்த யூரியாவை நிறுத்திட்டேன். காலையில எத்தன மணிக்குக் காயுதுன்னு பாத்துகிட்டு இருக்கேன்."